தீரா நோயும் தேயிலை மலையும்

நோய்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை வரும், மருந்துண்டால் போகும். மற்றையது வந்தபின் போவதில்லை. சில மாதம் உறங்கி, சில மாதம் விழித்து, நம்மோடு குடியிருந்து, வாழ்நாளின் ஒரு பகுதியாகிவிடும். முதல்வகை நோயைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் உண்டு. காய்ச்சல் என்றால் எவரும் நலம் விசாரிப்பர். குடல் நோய் என்றாலோ கேட்பவர் நகைப்பார், அல்லது பேச்சை மாற்றுவார். உணவைப் பற்றி இவ்வளவு பேசும் நம் சமூகம், உண்டது கழியும் வழியைப் பற்றிப் பேச நாணுகின்றது. அந்த நாணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, குடல் நோயாளி ஒருவரின் அன்றாடத்தைப் பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனது ஊர் வட்டகொடை. மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் தலவாக்கலைக்கு அடுத்து வரும் சிற்றூர், சுற்றிலும் தேயிலை. 2019ஆம் ஆண்டு, உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில், இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல் எனக்குத் தொடங்கியது. முதலில் சீதபேதி என்று கருதியே மருந்து கொடுத்தனர். எமது நாட்டில் அமீபாவினால் உண்டாகும் சீதபேதி புதியதன்று. ஆதலால் அவ்வாறு கருதியதும் இயல்பே. கழிச்சல் நிற்காது வாரங்கள் கழிந்தபின், குழாய்க் கருவியினால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்வையிட்ட வைத்தியர், இது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடற் புண் அழற்சி என்றார். “இது முற்றாகத் தீராது தம்பி, ஆனால் அடக்கி வைக்கலாம்” என்பதும் அவர் கூறியதே. அந்த வாக்கியத்தின் முற்பகுதியை ஏற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு சென்றது. பிற்பகுதியை இன்றும் நாள்தோறும் கற்று வருகின்றேன்.

இந்நோய்க்கு இப்பெயரை 1859ஆம் ஆண்டு இலண்டன் வைத்தியரான சாமுவேல் வில்க்ஸ் வழங்கினார். கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், தன் பெருங்குடலின் உட்சவ்வையே தாக்குவதனால் இது உண்டாகின்றது. குதத்திற்கு அண்மையில் தொடங்கும் அழற்சி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். புண்பட்ட கீழ்க்குடல் மலத்தைத் தாங்கி வைத்திருக்க மாட்டாது. ஆதலால் உந்துதல் வந்தால் சில நிமிடங்களே அவகாசம். வலியையும் சோர்வையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சில நிமிடங்களுள் ஒரு கதவு கிடைக்குமா என்ற அச்சமே நோயாளியின் நாளை ஆள்கின்றது.

நான் உட்கொள்ளும் மஞ்சள் நிற மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. சல்பாசலசீன் எனப்படும் இம்மருந்தை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியரான நன்னா ஸ்வார்ட்ஸ். மூட்டுவாதத்திற்கென அவர் இணைத்த இரு பொருள்களின் கூட்டு, குடல் நோய்க்கும் உதவுவது பின்னர் தெரியவந்தது. இதன் செயல் வியக்கத்தக்கது. மருந்தின் பெரும்பகுதி சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகின்றது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதன் பிணைப்பை அறுக்க, அழற்சியைத் தணிக்கும் கூறு அவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. நோய் கடுமையாகும்போது பிரெட்னிசொலோன் என்னும் மருந்தும் சேரும். அதனைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்துவது ஆபத்து. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணிய இரவுகளை நான் மறந்திலேன். நாட்டின் அந்நியச் செலாவணிக்கும் ஒருவனது குடலுக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாடநூலிலும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

மருந்துக்கு அடுத்தது உணவு. இந்நோயைத் தீர்க்கும் உணவென ஒன்று இல்லை. ஆனால் நோய் விழித்திருக்கும்போது எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதை அவரவரே கண்டறிதல் வேண்டும். நான் ஒரு கொப்பியில் உண்டதையும் விளைந்ததையும் எழுதி வந்தேன். கோதுமை மாவு ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சம்பலும் எங்கள் லயத்தின் அன்றாட உணவு. சம்பல் எனக்கு ஆகாது என்பதை அக்கொப்பி காட்டியது. ரொட்டியைப் பற்றி அது குறை கூறவில்லை. நோய் மிகும் நாள்களில் குழைந்த சோற்றுக் கஞ்சி, வாழைப்பழம், நீரிழப்புக்கு ஜீவனிக் கரைசல். இன்னொன்றும் உண்டு. இரத்தம் கழிவதால் உடலில் இரும்புச்சத்துக் குறையும். உணவோடு பருகும் தேநீரோ அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். தேயிலை மலையிற் பிறந்தவன் சோற்றுக்குப்பின் ஒரு மணி நேரம் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கக் கற்றது, விருந்தினராய்ச் சென்ற வீடுகளிலெல்லாம் விளக்கங்கூற வேண்டிய செய்தியாயிற்று.

மூன்றாவது, நேரமும் இடமும். லயத்தில் இருக்கும் நாள்களில் நான்கு மணிக்கே எழுவேன். பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடம், பனி கொட்டும் அவ்வேளையில்தான் எவருக்கும் இடையூறின்றிக் கிடைக்கும். பல்கலைக்கழகத்திற்குப் பேருந்தில் வருவதைவிடப் புகையிரதத்தில் வருவதையே விரும்புவேன். காட்சிக்காக அன்று, அதில் மலசலகூடம் உண்டென்பதற்காக. விரிவுரை மண்டபத்தில் கதவருகே அமர்வேன். பாதியில் எழுந்து செல்வதற்கான காரணத்தை விரிவுரையாளர் ஒருவரிடம் கூறியபோது, “கேட்டுக்கொண்டு போகவேண்டிய அவசியமில்லை, போய் வாருங்கள்” என்றார். அச்சொற்கள் எனக்கு ஒரு மருந்து. அச்சம் குறைந்ததனால், எழுந்து செல்லும் தேவையும் குறைந்தது.

இங்கு என் சின்னம்மாவைப் பற்றிக் கூறவேண்டும். அவர் கொழுந்து பறிப்பவர். அவருக்கும் பல்லாண்டுகளாகக் குடல் நோய் உண்டு. புண் இல்லை, இரத்தம் இல்லை. குடல் காரணமின்றி இறுகியும் இளகியும் வருத்தும் நோய் என்று வைத்தியர் கூறியுள்ளார். எனது நோயினும் அது எளியது என்றே எந்த வைத்திய நூலும் கூறும். ஆயினும் எங்கள் இருவருள் அதிகம் துன்புறுபவர் அவரே. அவர் பறிக்கும் மலையில் மலசலகூடம் இல்லை. லயத்திற்கு இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போகும்; நியமித்த கிலோ குறையும்; குறைந்தால் அரைப்பேர். ஆதலால் அவர் காலையில் எதுவும் உண்பதில்லை. தாகமெடுத்தாலும் நீர் அருந்துவதில்லை. “வயித்த காயப் போட்டா பேசாம கெடக்கும்பா” என்பார். அது அவர் கண்ட மருத்துவம். அதன் விலை தலைச்சுற்றலும் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும்.

தோட்டத் தொழிலாளரின் குடல்மீது அதிகாரம் அக்கறை கொண்ட காலமும் ஒன்றிருந்தது. 1916ஆம் ஆண்டு ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, தோட்டங்களே அதன் முதன்மைக் களமாயின. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மருந்து கொடுத்தனர்; மலகூடங்கள் அமைக்கத் தூண்டினர். நன்மை விளைந்தது, மறுப்பதற்கில்லை. எனினும் இரத்தம் குன்றியவரால் முழுவேலை செய்ய இயலாது என்ற கணக்கும் அவ்வக்கறையில் அடங்கியிருந்தது. வேலையைக் குறைக்கும் நோய் கண்ணிற்பட்டது. வேலை செய்துகொண்டே சகிக்கப்படும் நோய் இன்றும் கண்ணிற்படவில்லை.

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். தீரா நோயைப் பொறுத்தவரை, அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டுமென நான் துணிகின்றேன். அது தன் நேரத்தைத் தானே ஆளும் உரிமை. எனக்கும் சின்னம்மாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோயின் வேறுபாடன்று. எழுந்து செல்ல எனக்கு ஒரு கதவும் அனுமதியும் உண்டு, அவருக்கு இரண்டும் இல்லை.

இவற்றைத் தருவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. மலைதோறும் நீர் வசதியுள்ள ஒரு மலசலகூடமும், சென்று வந்த நேரத்திற்குப் பேர் குறைக்காத ஒரு விதியும் போதும். வைத்தியத்தையும் சட்டத்தையும் பொறியியலையும் பயிலும் நம் மாணவர்களுள் பலர் அம்மலைகளிலிருந்தே வந்தவர்கள். விடுமுறைக்கு வீடு செல்லும்போது தத்தம் தாய்மாரிடம் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம்: “மலையில் இருக்கும்போது தண்ணீர் குடிக்கிறீர்களா?” விடை எதுவாயினும், நாணமின்றி அதனை நாம் பேசத் தொடங்குதல் வேண்டும்.