'லீவ்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?

ஆங்கிலத்தில் 'லீவ்' என்ற வினைச்சொல்லுக்கு இணைச்சொல் கேட்டால் டிபார்ட், குவிட், அபாண்டன் என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ரயில் டிபார்ட் ஆகும். வேலையை குவிட் செய்வார்கள். பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டுப் போனால் அது அபாண்டன். தமிழிலும் புறப்படு, விலகு, கைவிடு என்று தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

சிக்கல் எதிர்ச்சொல்லில்தான். 'அரைவ்' என்பதா, 'ஸ்டே' என்பதா?

இரண்டும் சரிதான். திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை - விழுப்புரம் பாதையில் ஒலக்கூர் ரயில் நிலையம் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பலவும் நிற்காமல் போய்விடும் சின்ன நிலையம். அங்கே பாசஞ்சர் ஏறி சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு எதிர்ச்சொல் 'போய்ச் சேருவது'. பிளாட்பாரத்தில் நிற்கும் அம்மாவுக்கோ 'இங்கேயே இருப்பது'. (அம்மாக்களைக் கேட்டு யாரும் அகராதி எழுதுவதில்லை!)

மூன்றாவதும் ஒன்று உண்டு: திரும்பி வருவது. திருக்குறளில் 116-வது அதிகாரம் பிரிவாற்றாமை. அதன் முதல் குறளில் தலைவி, போகவில்லை என்றால் மட்டும் தன்னிடம் சொல்லச் சொல்கிறாள். சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்ளட்டுமாம்! திரும்பி வருவதை அவள் எதிர்ச்சொல்லாக ஏற்கவே இல்லை.

பேச்சுத் தமிழ் அதைத்தான் பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது 'போறேன்' என்றால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பார்கள். பலர் வெறும் 'வரேன்' சொல்லிவிட்டே போகிறார்கள். எதிர்ச்சொல்லே இணைச்சொல் ஆகிவிட்டது.

சாவு வீட்டில் மட்டும் அது கிடையாது. அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிடுவார்கள்.