இசப்கோலும் நோன்பும்



எங்கள் சிவகாசி வறண்ட பூமி. மழை குறைவு, வெயில் மிகுதி. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்ற அந்த வறட்சியும் ஒரு காரணம். ஆனால் மருந்தையும் தாளையும் விரைவில் உலர்த்தும் வெயில், உழைப்பவர் உடலின் நீரையும் உறிஞ்சிவிடுகிறது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து வேலை, குறைவாகக் குடிக்கும் தண்ணீர், மதியம் வெள்ளைச் சோறு, இரவில் எண்ணெயில் பொரித்த விருதுநகர் பரோட்டா. இவை ஒன்றுசேர்ந்தால் மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை.

என் அத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் உழைத்தவர். முதுமையில் இந்தத் துன்பம் வந்தபோது வெட்கத்தால் எவரிடமும் சொல்லவில்லை. ரமலானில் அது கடுமையாயிற்று. தராவீஹ் தொழுகையில் நெடுநேரம் நிற்கவே தடுமாறினார். இரத்தம் கண்ட பிறகுதான் வாய் திறந்தார். மருத்துவர் பரிசோதித்து, மூலநோய்தான், வேறொன்றும் இல்லை என்று உறுதிசெய்த பின் இசப்கோல் உமியைப் பரிந்துரைத்தார்.

இசப்கோல் நமக்குப் புதியதன்று. அதன் விதை, பஸ்ர் கதூனா என்ற அரபுப் பெயரில் யுனானி மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. இசப்கோல் என்பது குதிரைக்காது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. விதையின் வடிவம் அப்படி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மிகுதியாக விளைகிறது. குஜராத்தின் உஞ்சா அதற்குப் பெயர்பெற்ற சந்தை. விதையின் மேலுமி தண்ணீரை ஈர்த்துக் கூழாகப் பெருகி, மலத்தை இளக்கி நகர்த்துகிறது. பலன் தெரிய ஓரிரு நாள், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகலாம்.

தண்ணீரை ஈர்க்கும் அந்தக் குணமே நோன்பாளிக்கு எச்சரிக்கையுமாகும். அத்தா ஸஹர் முடியும் நேரத்தில் இரண்டு மிடறு நீருடன் அதை விழுங்கிவிட எண்ணினார். மருத்துவர் தடுத்தார். போதிய நீரின்றி உட்கொண்டால் உமி தொண்டையிலோ குடலிலோ வீங்கி அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு முறைக்குக் குறைந்தது 240 மில்லி நீர் வேண்டும். ஆகவே இஃப்தாருக்குப் பின், நீர் அருந்த நேரம் இருக்கும்போது எடுக்கச் சொன்னார். முதலில் ஒரு தேக்கரண்டி. வயிறு உப்பாமலிருக்க மெல்ல மெல்லக் கூட்டினார். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. விழுங்குவதில் சிரமமுள்ளவர்களும் குடலடைப்பு உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. வெறும் உமி தாவரப் பொருள். ஆனால் நார்ச்சத்து மாத்திரைக் கூடுகளிலும் மிட்டாய் வடிவங்களிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது எவ்விலங்கினுடையது என்று தெரியாமல் வாங்கலாகாது. சுவையூட்டிய பொடிகள் சிலவற்றில் சர்க்கரை உண்டு. நீரிழிவுள்ளவர்கள் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எனினும் உமி உணவுக்கு மாற்றாகாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும் என 2023இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நம் மாவட்டத்தில் விளையும் கம்பும் குதிரைவாலியும், பயறும் கீரையும் கொய்யாவும் அதற்கு உதவும். நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் வெந்தயமும் சற்றுக் கூடட்டும். அதனருகே வடையும் சமோசாவும் குறையட்டும். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததில் நீருக்கும் தனி இடம் உண்டு என்பதை இஃப்தார் விரிப்பில் நாம் மறந்துவிடுகிறோம்.

இறுதியாக ஒன்று. கழிவறைக்குள் நுழையவும் வெளிவரவும் துஆ கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. அதைப் பின்பற்றும் நாம், வயிற்றுத் துன்பத்தை மருத்துவரிடம் சொல்ல ஏன் நாண வேண்டும்? மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் கடையில் உமி வாங்கிச் சமாளிக்காதீர்கள், முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தோடு அவனை வணங்கும் பேற்றை அருள்வானாக. ஆமீன்.