வெடிப்பதற்கு முன்னால்

சித்திரையில் குற்றாலத்துக்கு ஆள் வருவதில்லை. அருவிப் பாறைகள் காய்ந்து கிடக்கும். ஆனால் அதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலைச் சுற்றிய ஊர்களில், மல்லிக்கு அதுதான் சீசன். கார்த்திகையில் கவாத்து செய்த செடி மாசியில் அரும்பெடுத்து, சித்திரை வைகாசி வெயிலில் கொட்டித் தீர்க்கும்.

விடியுமுன் தோட்டத்துக்குப் போனேன். நெற்றியில் டார்ச் கட்டிய பெண்கள் வரிசைக்கு ஒருவராகக் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் மடி. செடிக்கடியில் பாம்பு கிடக்கலாம் என்பதால் காலால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கிறார்கள்.

ஒரே கொத்தில் மூன்று பருவம் இருக்கிறது. பச்சை மாறாத சின்ன அரும்பு நாளைக்கோ மறுநாளைக்கோ உரியது. வெளுத்து, பருத்து, நுனி இன்னும் இறுகியிருப்பது இன்றைக்கு. இதழ் விரிந்தது நேற்றுக் கைக்குத் தப்பியது. “வெடிச்சது வேண்டாம் தம்பி, கட்டுனா தாங்காது. நாளைக்கு உள்ளதையும் தொட்டுறாதீய” என்றார் பக்கத்து வரிசை அக்கா. மொட்டுப்புழு துளைத்த அரும்பில் ஊதா பாய்ந்திருக்கும். அதையும் விலக்க வேண்டும். இத்தனையையும் டார்ச் வெளிச்சத்தில் அவர் விரல்களே பிரித்தன. காம்போடு வந்தால்தான் நாரில் நிற்கும். நான் பத்து மொட்டு எடுப்பதற்குள் அவர் செடியை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஊட்டியில் 1995-இல் மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுக்காக அமைத்த அரசு ரோஜாப் பூங்காவைக் கோடையில் பார்த்திருக்கிறேன். 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருது தந்த தோட்டம் அது. விரிந்த பூவைக் காணத்தான் அங்கே கூட்டம். இங்கே விரிந்த பூ நஷ்டக் கணக்கு. மாலையில் யார் தலையிலாவது மலரவேண்டியதை அதிகாலையிலேயே கண்டெடுப்பதுதான் இந்தப் பெண்களின் தொழில். அதைத் திறமில்லாத கூலிவேலை என்று எழுதுகிறவர்கள் ஒரு வரிசை பறித்துப் பார்க்கட்டும்.

பறிகூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. சீசனில் எடை சேரும். ஆனால் வரத்துப் பெருகி விலை சரியும்போது தோட்டக்காரருக்கே கட்டுப்படியாகாது, சில நாள் பறிக்காமலே விட்டுவிடுவார். மார்கழிப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், பத்திரிகையில் செய்தி வரும். அப்போது செடியில் மொட்டு அதிகம் இருக்காது. அதே நேரம் குனிந்து நின்றாலும் மடியில் விழுவது சில கிராம். விலையின் ஏற்றம் பறிக்கிற கைக்கு வருவதேயில்லை. பூ குறைந்த மாதங்களிலாவது எடையை விட்டு, நின்ற நேரத்துக்குக் கூலி தரவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெயில் ஏறுமுன் மூட்டைகள் சங்கரன்கோவில் பூச்சந்தைக்குக் கிளம்பின. அங்கிருந்து ஒரு பங்கு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும். அக்காவிடம் பறித்தது எவ்வளவு என்று கேட்டேன். தராசில் போட்டால்தான் தெரியும் என்றார்.