எட்டு எழுத்து

காலைக் காபியோடு ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தை நிரப்புவது எனக்கு 40 வருடப் பழக்கம். அதைக் கற்றுக்கொடுத்தவன் வங்கியில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த நண்பன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இருவருமாகக் கட்டங்களை நிரப்புவோம். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிக்கக்கூடும்.

போன வாரம் ஒரு வார்த்தை என்னைப் படுத்திவிட்டது. எட்டு எழுத்து, 'பகையான' என்று பொருள் வர வேண்டும். கடைசியில் 'இனிமிக்கல்' என்று பிடிபட்டது. இதென்ன, 'இனிமை' மாதிரி ஒலிக்கிறதே என்று சிரித்துக்கொண்டே அகராதியை எடுத்தேன்.

லத்தீனில் 'அமிகஸ்' என்றால் நண்பன். நீதிமன்றச் செய்திகளில் 'அமிகஸ் கியூரி' என்று படிக்கிறோமே, நீதிமன்றத்தின் நண்பன், அதே அமிகஸ். அதன் முன்னால் 'இன்' என்ற மறுப்பைச் சேர்த்தால் 'இனிமிகஸ்', நண்பன் அல்லாதவன். அதுதான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'எனிமி' ஆயிற்று. பகைவனுக்கென்று தனியாக ஒரு வேர் இல்லை பாருங்கள். நண்பனை எடுத்து, 'இல்லை' என்று ஒட்டியிருக்கிறார்கள். நம் பழந்தமிழிலும் பகைவரை 'நண்ணார்', 'ஒன்னார்' என்பார்கள். நெருங்காதவர், ஒன்றாதவர் என்று அதுவும் இல்லையில்தான் முடிகிறது.

ரோமானியர்களிடம் பகைவனுக்கு இன்னொரு சொல்லும் இருந்தது: 'ஹோஸ்டிஸ்'. இவன் நாட்டின் எதிரி, போர்க்களத்தில் எதிரே நிற்பவன். 'ஹாஸ்டைல்' இதிலிருந்து வந்தது. ஆனால் ஆதியில் ஹோஸ்டிஸ் என்றால் வெறும் வெளியூரான், அந்நியன். கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய சிசரோவே இதைச் சொல்கிறார்: இன்று அந்நியன் என்று நாம் சொல்பவனைத்தான் முன்னோர் ஹோஸ்டிஸ் என்றார்கள் என்று. அதே குடும்பத்தில் பிறந்த 'ஹாஸ்பெஸ்' விருந்தினனையும் குறிக்கும், விருந்து கொடுப்பவனையும் குறிக்கும். ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆங்கிலத்தின் 'கெஸ்ட்' கூட, தூரத்து உறவானாலும், அதே மூல வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்று ஒரு பொருள் உண்டு. வாசலில் வந்து நிற்கும் புதியவர் நமக்கு விருந்து. லத்தீனில் அந்தப் புதியவனே ஒரு பக்கம் விருந்தாளி ஆனான், இன்னொரு பக்கம் எதிரி ஆனான்.

அகராதியை மூடிய பிறகுதான் மனசு உறுத்தியது. முகம் தெரியாத ஹோஸ்டிஸ் யாரும் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. போர் இல்லை, படை இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு இனிமிகஸ். நண்பன் என்ற சொல் இல்லாமல் அவனை எழுதவே முடியாது.

அவன் அவசரத்துக்கு என்னிடம் 5,000 ரூபாய் வாங்கியிருந்தான். திருப்பித் தரக் கொஞ்சம் நாளாயிற்று. ஒரு நாள் கேன்டீனில் நாலு பேர் முன்னால், விளையாட்டாகச் சொல்வதுபோல, "எங்கடா என் பணம்?" என்று கேட்டுவிட்டேன். அது விளையாட்டு இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மறுநாள் காலை என் மேஜைமேல் ஒரு கவரில் பணம் இருந்தது. அதன்பின் பேச்சில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றும் அவன் வரவில்லை. 11 வருடம் ஓடிவிட்டது. நாடுகள் போரிட்டால் உடன்படிக்கை என்று ஒன்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அதை யார் எழுதுவது?

பழைய டைரியில் நம்பரைத் தேடி, அன்றைக்கே போன் செய்தேன். மணி ரொம்ப நேரம் அடித்தது.

"யாரு?"

பெயரைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். 'அன்னிக்கு நான் கேட்டது தப்பு' என்று சொல்லத்தான் எடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லடா. ஒரு வார்த்தை..." என்றேன்.

அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது.

"எத்தனை எழுத்து?" என்றான்.