சுக்கான் தூணின் சிறு தாங்கி

சுக்கான் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து நம் தமிழுக்கு வந்து சேர்ந்தது. கீழக்கரையிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய முன்னோரின் வழிவந்த எனக்கு, அந்தச் சொல்லோடு உள்ள உறவெல்லாம் கடைசல் பட்டறையில்தான். லங்காவித் தீவில் கரையேற்றப்படும் பழைய பாய்ப்படகுகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுப்பது நானும் என் காக்காவும் நடத்தும் தொழில்.

1970-களில் அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகள் பல இன்னும் கடலில் உலவுகின்றன. கண்ணாடியிழை உடல் மரம்போல் உளுத்துப் போவதில்லை. படகு நிலைத்திருக்க, அதன் பாகங்களைச் செய்தவர்களோ மறைந்துவிடுகிறார்கள். 1859-இல் அங்கே தொடங்கப்பட்ட எட்சன் நிறுவனத்தின் சுக்கான் தூணாக இருந்தால் எழுதிக் கேட்டுப் பாகம் பெற வழியுண்டு. மூடப்பட்ட நிறுவனங்களின் தூண்களுக்குப் பழைய சாமான் கடையும் பட்டறையுமே புகலிடம்.

தூணின் உச்சியில் சுக்கான் சக்கரம். அதன் அச்சிலுள்ள பல்சக்கரத்தின் மேல் ஒரு சங்கிலி. சங்கிலியின் இரு முனைகளிலும் பிணைந்த கம்பி வடங்கள் தூணுக்குள் இறங்கி, அடியிலுள்ள இரு கப்பிகளில் திரும்பி, சுக்கானின் தண்டில் பூட்டிய கால்வட்டத் தகட்டை இழுக்கின்றன. அந்தக் கப்பிகளைத் தாங்கும் அலுமினிய வார்ப்புத் தாங்கி உடைந்தால், சக்கரம் கையில் வீணே சுழலும்.

சில ஆண்டுகளுக்கு முன் முதிய தம்பதியர் ஒருவர் கொண்டுவந்த 36 அடிப் படகில், அந்தத் தாங்கிதான் வெடித்திருந்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி அலுமினியத்தை நேரே தொட்டுக்கொண்டிருக்க, இடையே உப்பு நீர் புகுந்தால், அரிக்கப்படுவது அலுமினியமே. வடகிழக்குப் பருவக்காற்று நின்றுவிடுமுன் இலங்கை வழியாக மேற்கே போய்விட வேண்டுமென்று கணவர் அவசரப்பட்டார்.

"தம்பி, பழைய பிஸ்டன்களை உருக்கி வார்த்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். வெள்ளைச் சாயம் பூசிவிட்டால் வித்தியாசமே தெரியாது" என்றார் காக்கா.

"பிஸ்டனில் செம்பு கலந்திருக்கும், காக்கா. உப்புத் தண்ணீர் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்" என்றேன்.

கணவர் இரண்டு நாளையே விரும்பினார். அதுவரை பேசாதிருந்த அம்மையார், நள்ளிரவுக் காவல் தம்முடையது என்றார். சக்கரம் செயலிழந்தால் சுக்கான் தண்டின் தலையில் மாட்டும் அவசரக் கைப்பிடி ஒன்று இருந்தது. அலை உயர்ந்த கடலில் அதைப் பிடித்து நிறுத்தத் தம் கைகளில் வலுவில்லை என்று அவர் சொன்னபோது, காக்காவும் வாய் திறக்கவில்லை.

செம்பு கலவாத அலுமினியக் கட்டி வந்துசேர மூன்று வாரமாயிற்று. உடைந்த துண்டையே மணலில் பதித்து வார்த்திருக்கலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உருகிய அலுமினியம் இறுகும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல் சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டர் குறைந்துபோகும். ஆகவே ஜெலுத்தோங் மரத்தில் அந்த அளவு கூட்டிப் புதிய அச்சுச் செதுக்கினேன். தேய்ந்த துளைகளை நம்பாமல், தேயாத பக்கத்திலிருந்து அளவெடுத்தேன்.

பொருத்தும்போது திருகாணிகளுக்கு நைலான் உறை இட்டேன். கம்பி வடம் செல்லும் வழியில் நூல் கட்டி, கப்பியின் பள்ளம் அதனோடு நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். சிறிது கோணினாலும் வடம் பிரிந்து நையும், அல்லது பள்ளத்தைவிட்டுத் தாவும். அம்மையாரே சக்கரத்தை இருபுறமும் முழுக்கத் திருப்பி, சங்கிலி முடியுமுன் சுக்கான் தன் தடையில் முட்டுவதைக் கண்டு தெளிந்தார்.

மார்ச்சு முதல் வாரத்தில், காற்று முற்றும் ஓயுமுன், அவர்கள் புறப்பட்டார்கள். தாங்கியின் வரைபடம் ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தேன். அளவுகள், உலோகம், சுருக்கத்துக்காகக் கூட்டியது ஆகிய அனைத்தும் அதில் உண்டு. முதலில் அதைச் செய்தவர்கள் இத்தகைய தாள் ஒன்றை விட்டுச் சென்றிருந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். பொருளைச் செய்து கொடுப்பதோடு கைவினைஞனின் அமானிதம் முடிந்துவிடுவதில்லை. முப்பது ஆண்டு கழித்து, எந்தத் துறைமுகத்திலோ அதைக் கழற்றப்போகும் முகமறியாத தொழிலாளிக்கும் அதில் பங்குண்டு.