ஒற்றைக் கண்ணோடு 69 வெற்றி

சுமோ என்றால் இரண்டு குண்டு மனிதர்கள் முட்டிக்கொள்வது, அவ்வளவுதானே என்பவர்களுக்கு ஃபுதபயாமாவைத்தான் சொல்வேன். 35-வது யோகோசுனா. யோகோசுனா என்பது சுமோவில் உச்சப் பட்டம். வாங்கிவிட்டால் பிறகு இறக்கமே கிடையாது, முடியவில்லை என்றால் ஓய்வு பெற வேண்டியதுதான்.

1912-ல் ஓய்த்தா மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வலது கண் அடிபட்டு, ஏறக்குறைய பார்வையே இல்லாமல் போனது. போதாததற்கு வலது கை சுண்டுவிரலிலும் காயம். கண் விஷயம் அவர் ஓய்வு பெறும்வரை வெளியே தெரியாது! எதிராளி எப்போது பாய்ந்தாலும் சரி என்று, "இரு, நான் இன்னும் தயாராகவில்லை" என்று நிறுத்தாமல் எழுந்து ஆடுவாராம். அதைப் பெருந்தன்மை என்றே எல்லோரும் புகழ்ந்தார்கள். பார்த்து ஆட முடியாதவர், உடம்பில் படுவதை வைத்து ஆடப் பழகிக்கொண்டார் என்பது என் யூகம்.

ஆரம்பத்தில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. 1932-ல் மல்லர்கள் பலர் சங்கத்தோடு சண்டை போட்டு வெளியேறியதால் காலியான இடத்தில்தான் மேல்பிரிவுக்கே வந்தார். ஆனால் 1936 ஜனவரி போட்டியின் ஏழாம் நாள் ஜெயிக்கத் தொடங்கியவர், மூன்று வருடம் தோற்கவே இல்லை. அப்போது வருடத்துக்கு இரண்டு போட்டிகள்தான். மொத்தம் 69 வெற்றி. 2010-ல் ஹகுஹோ 63 வரை வந்து நின்றுவிட்டார். அந்தச் சாதனை இன்றுவரை அப்படியே இருக்கிறது.

1939 ஜனவரி 15. எதிரே அகினோஉமி என்ற இளைஞர். அவர் குழுவில் வசேதா பல்கலைக்கழகத்தில் படித்த கசகியாமா என்ற மல்லர் இருந்தார். ஃபுதபயாமாவை எப்படிச் சாய்ப்பது என்று உட்கார்ந்து ஆராய்ச்சியே செய்தார்கள் (பரீட்சைக்குக்கூட நாம் இப்படிப் படித்ததில்லை!). அகினோஉமி வெளிப்பக்கமாகக் காலைக் கொக்கி போட்டார்... சாய்ந்தது மலை. முந்தைய வருடம் மஞ்சூரியா பயணத்தில் வந்த சீதபேதியால் ஃபுதபயாமா இளைத்திருந்தார் என்பதும் உண்மை.

அன்று இரவு அவர் அனுப்பிய தந்தி ஜப்பானில் ரொம்பப் பிரபலம். தான் இன்னும் மரச்சேவல் ஆகவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். சீன ஞானி சுவாங்சு சொன்ன கதை அது: எந்தச் சேவல் கொக்கரித்தாலும் மரத்தில் செய்தது போல அசையாமல் நிற்கும் சண்டைச் சேவல்.

அதோடு முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் தோற்றார்! 69 வெற்றியைவிட இந்த மூன்று தோல்விகளால்தான் எனக்கு அவரை அதிகம் பிடித்துப்போனது. தந்தியில் சொன்னது வெறும் தன்னடக்கம் இல்லை என்று தெரிகிறதல்லவா? அடுத்த மே மாதமே 15 ஆட்டத்தையும் ஜெயித்து திரும்பி வந்தார். மொத்தம் 12 பட்டங்கள்.

1945-ல் ஓய்வு. 1947-ல் ஒரு புது மதக் குழுவில் சேர்ந்து, கனசாவாவில் போலீசோடு மல்லுக்கட்டிக் கைதானார். அதே மனிதர்தான் 1957-ல் சுமோ சங்கத் தலைவராகி, 1968-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அகினோஉமியும் பிறகு யோகோசுனா ஆனார். ஆனால் ஃபுதபயாமாவை அவர் இரண்டாவது முறை ஜெயிக்கவே இல்லை.