விடியும்வரை வைத்திருந்த கூலி



தியானப் பகுதி: லேவியராகமம் 19

லேவியராகமம் என்றவுடனே நம்மில் பலர் பக்கங்களைப் புரட்டிவிடுகிறோம். பலிகளும் முறைமைகளும் நிறைந்த அந்தப் புத்தகம் நம் வாழ்க்கைக்குத் தூரமானது என்று எண்ணுகிறோம். ஆனால் தேவனுடைய பரிசுத்தத்தைக் குறித்து நான் கற்றுக்கொண்ட மிகக் கசப்பான பாடம், அந்தப் புத்தகத்தின் ஒரே ஒரு வசனத்தில் இருந்தது. அதை இன்று உங்களிடம் மறைக்காமல் சொல்லுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அறுப்பின் பண்டிகைக்கு முன்பாக ஆலயத்துக்கு வெள்ளையடிக்க ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவரும் அவர் மனைவியும் ஆறு நாட்கள் உழைத்தார்கள். சனிக்கிழமை மாலை மொத்தமாகக் கூலி கொடுப்பது என்பது பேச்சு. அன்று பொழுது சாயும் வேளையில், சுண்ணாம்பு காய்ந்த கைகளோடு அவர் போதகர் இல்லத்தின் வாசலில் வந்து நின்றார்.

நான் மறுநாள் பிரசங்கத்துக்காக ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் மூழ்கியிருந்தேன். சபையின் பொருளாளர் வெளியூர் போயிருந்தார். என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. எழுந்து அலமாரியைத் திறந்து எண்ணிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் பின்னால் கணக்குக் குழம்பும் என்று எண்ணி, "திங்கட்கிழமை வாருங்கள் அண்ணே, பொருளாளர் வந்துவிடுவார்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு "சரிங்க ஐயா" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சுவர்கள் ஒளிர, ஆலயம் நிறைந்திருந்தது. உசியா ராஜா மரித்த வருஷத்தில் ஏசாயா கண்ட தரிசனத்தையும், சேராபீன்கள் தங்கள் முகங்களை மூடிக்கொண்டதையும், தேவனுடைய பரிசுத்தத்துக்கு முன் தீர்க்கதரிசி நடுங்கியதையும் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பலர் என் கையைப் பற்றி, கர்த்தர் தங்களோடு பேசினார் என்று சொன்னார்கள். நானும் நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்தார். பொருளாளர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நான் அவரிடம், "நேற்று நீங்கள் ஆலயத்தை வந்து பார்த்திருக்கலாமே. உங்கள் கைவேலையை எல்லாரும் புகழ்ந்தார்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

"நேத்து அரிசிக்குக் கடன் கேட்டுக் கடைக்குப் போயிருந்தேன் ஐயா. கோயில் வேலைக்குப் போனவனுக்கு இன்னும் கூலி வரலையான்னு கடைக்காரர் கேட்டார். வேலை முடியலேன்னு சொல்லிட்டேன். சாமி வீட்டு வேலை, பேர் கெட்டுடக் கூடாது இல்லையா?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் பீடத்தில் நின்று உயர்த்திய நாமத்தை, ஒரு நாள் முழுவதும் தெருவிலே காத்து நின்றவர் அவரல்லவா? அதற்காக அவர் ஒரு பொய்யும் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய் யாருடைய கணக்கில் எழுதப்படும் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அதன் தொடக்கத்திலே, தாம் பரிசுத்தராயிருப்பதால் தம்முடைய ஜனங்களும் பரிசுத்தராயிருக்க வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். இதற்குப் பின் ஆலயத்தையும் தூபத்தையும் பற்றியே பேசுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ வயலுக்கும் கடைக்கும் வீட்டுக்கும் நம்மை அழைத்துச் செல்லுகிறார். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும். செவிடனை நிந்திக்கக் கூடாது. குருடன் நடக்கும் வழியில் தடையை வைக்கக் கூடாது. கோள் சொல்லித் திரியக் கூடாது. நரைத்தவர்களுக்கு முன்பாக எழுந்து நிற்க வேண்டும். தராசும் படிக்கல்லும் நியாயமாயிருக்க வேண்டும். இவற்றின் நடுவே 13ஆம் வசனத்தில், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை நம்மிடத்தில் தங்கியிருக்கக் கூடாது என்றிருக்கிறது. உபாகமம் 24ஆம் அதிகாரம் அதன் காரணத்தையும் சொல்லுகிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் அவன் தன் மனதை வைத்திருக்கிறான்.

இந்தக் கட்டளைகளில் பல, நம்மைத் திருப்பிக் கேட்க முடியாதவர்களைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். செவிடனுக்கு நம் வசைமொழி கேட்காது. குருடனுக்குத் தடையை வைத்தவன் யாரென்று தெரியாது. கூலிக்காரன், நாளைக்கும் வேலை வேண்டுமே என்று வாய் திறக்க மாட்டான். ஆகவேதான் அந்த அதிகாரம் முழுவதும், தாமே கர்த்தர் என்பதை அவர் மீண்டும் மீண்டும் நினைப்பூட்டுகிறார். அவர்கள் கேளாதிருக்கலாம், காணாதிருக்கலாம், பேசாதிருக்கலாம். கர்த்தர் கேட்கிறார், காண்கிறார், அவர்களுக்காகப் பேசுகிறார். கொடுக்காமல் வைத்திருந்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுவதும் இதனால்தான்.

பிரியமானவர்களே, அந்த நாட்களில் எண்ணாகமம் 20ஆம் அதிகாரமும் எனக்குப் புதிதாய் விளங்கிற்று. காதேசிலே தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் முறுமுறுத்தார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசும்படி கர்த்தர் மோசேக்குச் சொன்னார். மோசேயோ ஜனங்களைக் கடிந்து பேசி, கோலினால் கன்மலையை இரண்டுதரம் அடித்தான். தண்ணீர் வந்ததா? ஏராளமாய் வந்தது. ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெற்றியான ஊழியம். ஆனால் கர்த்தர் மோசேயையும் ஆரோனையும் நோக்கி, ஜனங்களின் கண்களுக்கு முன்பாகத் தம்மைப் பரிசுத்தம்பண்ணத் தவறினார்கள் என்றார். மோசே நேபோ மலையிலிருந்து கானானைக் கண்டான், அதில் பிரவேசிக்கவில்லை.

என் பிரசங்கத்திலும் தண்ணீர் வந்தது; ஜனங்கள் குடித்தார்கள். ஆனால் ஒரு மனிதனுடைய கண்களுக்கு முன்பாக நான் என் தேவனைப் பரிசுத்தம்பண்ணவில்லை. ஊழியம் பலன் தருவதனாலேயே தேவன் நம்மில் கனம்பெற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. தாகத்தோடிருக்கும் ஜனங்கள்மேல் இரங்கி, அவர் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறார். நம்மோடு அவருக்குள்ள வழக்கு அதனால் தீர்ந்துபோவதில்லை.

நாம் ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறோம். வேதாகமம் கை தவறி விழுந்தால் பதறி எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம். இந்தப் பயபக்தியை நான் குறைவாக மதிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஆனால் அது செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடலாமா? பிரதான ஆசாரியனுடைய நெற்றியில் பொற்பட்டம் ஒன்று இருந்தது. அவன் கர்த்தருக்கென்று பரிசுத்தமானவன் என்பதை அதில் வெட்டியிருந்த எழுத்து அறிவித்தது. சகரியா தன் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், வரப்போகும் ஒரு நாளைக் காண்கிறான். அந்நாளில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளிலும் இருக்கும். எருசலேமின் சாதாரணப் பானைகளும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும். நெற்றிப் பட்டத்திலிருந்து குதிரையின் கழுத்துக்கும் சமையலறைப் பானைக்கும் அந்தப் பரிசுத்தம் இறங்கிவர வேண்டும் என்பதே தேவனுடைய விருப்பம்.

அப்படியானால் உங்கள் வீட்டில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது? கடை வைத்திருக்கிறவர்களே, உங்கள் தராசிலே இருக்கிறதா? வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்கு மாதச் சம்பளத்தை அவள் கேட்கும் முன்னே கொடுக்கிறீர்களா? காது மந்தமான தாயின் முன் நின்று, அவருக்குக் கேட்காது என்று எண்ணி எதையாவது முணுமுணுக்கிறீர்களா? கைபேசியில் வந்த ஒருவருடைய குடும்ப விஷயம், உங்களிடம் நின்றதா, உங்களால் பத்துப் பேருக்குப் போனதா? ஒவ்வொரு நாளும் பரமண்டல ஜெபத்தில், பிதாவின் நாமம் பரிசுத்தப்பட வேண்டும் என்பதையே நாம் முதலாவது கேட்கிறோம். அந்த விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் பதிலில் நம்முடைய பணப்பைக்கும் நாவுக்கும் பங்கு உண்டு.

அந்தத் திங்கட்கிழமை நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னங்க ஐயா, பெரிய வார்த்தை" என்று அவர் கூசிப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்பாக இதை அறிக்கையிட்டேன். சபையில் வேலை செய்கிற எவருக்கும் பேசிய நாளில் பொழுது சாயும் முன்னே கூலி கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானித்தோம். அதன்பின் நான் ஊழியம் செய்த ஒவ்வொரு சபையிலும் அதையே கேட்டுவருகிறேன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மாலை திரும்பி வரவில்லை. அது கிறிஸ்துவின் இரத்தத்தினால் மன்னிக்கப்பட்டது என்று விசுவாசிக்கிறேன். மறக்கப்பட வேண்டும் என்று நான் கேட்பதில்லை.

இந்த வாரத்தில் நீங்கள் யாருக்காவது கொடுக்க வேண்டியது ஏதேனும் உங்களிடத்தில் தங்கியிருக்குமானால், பணமோ, மன்னிப்போ, ஒரு நல்ல வார்த்தையோ, விடியும்வரை அதை வைத்திராதிருங்கள்.

ஜெபிப்போம்: பரிசுத்தமுள்ள பிதாவே, உதடுகளினால் உம்மை உயர்த்தி, கைகளினால் உம்மைக் கனவீனப்படுத்திய வேளைகளை எங்களுக்கு மன்னியும். எங்களுக்கு முன் பேசாமல் நிற்பவர்களிடத்தில் உம்மைக் காணும் கண்களைத் தாரும். எங்கள் வீடும் கடையும் வேலையிடமும் உமக்குரியவைகளாய் இருக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.